தகரக் கொட்டகைப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க: சென்னைக் கல்லூரி மாணவருக்கு ஒரு வழிகாட்டி

கலர் பென்சில், படக்கதைப் புத்தகம் என்று பை நிறைய வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தின் வாசலில் போய் நின்றேன். உள்ளே தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசை. காவலாளி உள்ளே விடவில்லை. அடுத்த சனிக்கிழமையும் விடவில்லை. மூன்றாவது வாரம் மேஸ்திரி ஒருவர் வெளியே வந்தார். "யார் அனுப்பினார்கள் தம்பி? லேபர் ஆபீஸா, பத்திரிகையா?" என்று கேட்டார். "யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன்" என்றேன். அதைவிடச் சந்தேகத்துக்கு இடமான பதில் இருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது.

அந்த வாசலிலிருந்து, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு சிறுமியின் பெயர் பள்ளி வருகைப் பதிவேட்டில் ஏறும் வரை எனக்கு ஐந்து மாதம் ஆனது. அடுத்த பிள்ளைக்கு மூன்று வாரம். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பாடம் நடத்தத்தான் ஆசையாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாடம் நடத்தப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார். அந்த ஆசிரியர் முன்னால் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வைக்கத்தான் ஆள் இல்லை.

1. முதலில் கடிதம், பிறகு களம்

தனி ஆளாகப் போகாதீர்கள். கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டப் பிரிவு இருந்தால் அதன் திட்ட அலுவலரைப் பாருங்கள். அத்திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி காட்ட வேண்டும். இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கல்லூரி முகப்புத் தாளில் முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கிவிட்டால் பாதிக் கதவுகள் திறக்கும். புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தில் சேருவது இன்னொரு வழி. உங்களுக்கு முன்பே அவர்களை அந்த மேஸ்திரிக்குத் தெரிந்திருக்கும்.

கையில் இருக்க வேண்டியவை: கல்லூரியில் படிப்பதற்கான போனஃபைடு சான்றிதழ், அடையாள அட்டை நகல், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் நான்கு, காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று. பதினெட்டு வயது முடியாத முதலாண்டு மாணவர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

காவல்துறைச் சரிபார்ப்பைத்தான் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதை முதல் நாளே தொடங்குங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணத்தையும் அங்கேயே கட்டிவிடலாம். விடுதியில் தங்கியிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும், விண்ணப்பத்தில் சென்னை விடுதி முகவரியை எழுதுவீர்கள், இரண்டும் பொருந்தாமல் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். விடுதிக் காப்பாளரிடம் தங்கியிருப்பதற்கான கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். என் நண்பனுக்கு இதனால் மட்டும் ஒரு மாதம் வீணானது.

2. எந்தப் பிள்ளைகள், எந்த மாதம்

சென்னையைச் சுற்றி இரண்டு வகைக் குடும்பங்களைப் பார்ப்பீர்கள். கட்டடத் தளங்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், ஆந்திரக் குடும்பங்கள். ஒரு கட்டடம் முடியும் வரை ஒரே இடத்தில் இருப்பார்கள், பிறகு ஒப்பந்ததாரர் அனுப்பும் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள். திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கச் செங்கல் சூளைகளில் மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டத்துக்காரர்கள். இவர்கள் மழைக்காலம் கழித்து வந்து, ஜூன் வாக்கில் ஊர் திரும்புவார்கள்.

நம் பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. பள்ளி திறக்கும்போது சூளைப் பிள்ளை இங்கே இருக்காது, அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது ஊரிலும் இருக்காது. கல்லூரி மாணவனுக்கு ஓய்வு கிடைப்பது ஆகஸ்டிலும் ஜனவரியிலும். நவம்பரிலும் ஏப்ரலிலும் நமக்குப் பருவத் தேர்வு வந்துவிடும். தொடங்கும்போதே நாள்காட்டியை விரித்து வைத்து, உங்கள் தேர்வு வாரங்களில் யார் போவார் என்று முடிவு செய்யுங்கள். நான்கு பேர் இல்லாமல் தொடங்க வேண்டாம். முதல் பருவத்தில் நாங்கள் இரண்டே பேர். நவம்பரில் மூன்று வாரம் போகவில்லை. திரும்பிப் போனபோது பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள்.

சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் ராஜீவ் காந்தி சாலை ஒன்றுதான் என்றாலும் அலுவலகம் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். செம்மஞ்சேரி வரை சென்னை மாநகராட்சி. நாவலூர் தொடங்கினால் செங்கல்பட்டு மாவட்டம். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

3. தளத்துக்குள் நுழைவது

மேஸ்திரியால் அனுமதி தர முடியாது. தந்தாலும் அடுத்த வாரம் வேறு ஒருவர் மறுத்துவிடுவார். தளத்தில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருப்பார், அல்லது கட்டுமான நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவு இருக்கும். கல்லூரிக் கடிதத்தோடு அவர்களிடம் போங்கள். மூன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: கட்டடம் எழும் பகுதிக்குள் காலை வைக்க மாட்டோம், படம் எடுக்க மாட்டோம், கூலிக் கணக்கு பேச வரவில்லை.

மூன்றாவதைச் சொல்வதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கூலிப் பிரச்சினையைத் தொழிலாளர் துறையிடமோ தொழிற்சங்கத்திடமோ கொண்டுபோகலாம். பிள்ளைகளைச் சாக்காக வைத்து நுழைந்து அதைப் பேசினால் இரண்டும் கெடும். சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பெண் தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது, 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. முதல் நாளே அதை எடுத்து நீட்ட வேண்டாம்.

பெற்றோரைப் பார்க்கச் சரியான நேரம் இரவு ஏழரைக்கு மேல், சமையல் முடிந்த பிறகு. வாரச் செலவுக்கு ஒப்பந்ததாரர் கொடுக்கும் பணத்தை அவர்கள் கர்ச்சி என்கிறார்கள். கர்ச்சி கொடுக்கும் நாளில் போகாதீர்கள். அன்று எல்லாரும் அரிசி, எண்ணெய் வாங்கக் கடைக்குப் போயிருப்பார்கள்.

4. ஒரு நோட்டு, ஏழு பத்தி

வகுப்பு எடுக்கும் முன் கணக்கு எடுங்கள். அம்மா கூப்பிடும் பெயர், ஆவணத்தில் உள்ள பெயர், வயது, கடைசியாகப் படித்த ஊரும் வகுப்பும், கீழே எத்தனை தம்பி தங்கை, கையில் உள்ள காகிதங்கள், ஊர் திரும்பும் மாதம். இந்த ஏழும் போதும்.

பெயரில்தான் எல்லாம் சிக்கும். ஒடியாவிலும் வங்காளத்திலும் 'வ' பெரும்பாலும் 'ப' ஆகிவிடும். அம்மா பிஷ்ணு என்பார், ஆதாரில் விஷ்ணு என்றிருக்கும். நாம் காதில் விழுந்ததை எழுதினால் பள்ளிப் பதிவில் மூன்றாவதாக ஒரு பையன் பிறந்துவிடுவான். ஆதார் இருந்தால் அதில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒன்று விடாமல் பார்த்து எழுதுங்கள். பிறந்த தேதியையும் அப்படியே எழுதுங்கள். எங்கள் பட்டியலில் பதினொரு பேரில் ஏழு பேர் ஜனவரி 1ஆம் தேதி பிறந்தவர்கள்! பதிவு செய்தவர் தேதி தெரியாமல் போட்டது அது. திருத்தப் போகாதீர்கள். சேர்க்கைக்கு அது தடையே இல்லை, திருத்தத்தில் இறங்கினால் ஒரு பருவம் போய்விடும்.

5. தம்பிக்கு இடம் பார்த்தால்தான் அக்கா வருவாள்

எனக்கு ஐந்து மாதம் ஆனதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வகுப்புக்கு வரும்போதெல்லாம் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி இருப்பான். சிலேட்டை அவன் நக்குவான், பல்பத்தைக் கடிப்பான், அவள் இடது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எழுதுவாள். எழுதி முடித்ததை அவன் உள்ளங்கையால் துடைத்துவிடுவான். அவள் திட்டாமல் மறுபடி எழுதுவாள். "பள்ளிக்கு அனுப்புகிறேன்" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் தலையாட்டினார். அனுப்பவில்லை. அனுப்பினால் பையனை யார் பார்ப்பது? அம்மா சாந்துச் சட்டி தூக்கப் போகிறார். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

அருகில் உள்ள அங்கன்வாடிப் பணியாளரிடம் பேசுங்கள். இரண்டு வயதிலிருந்து சேர்க்கிறார்கள், மதிய உணவு உண்டு, எந்த மாநிலத்துப் பிள்ளை என்று கேட்டு மறுக்க முடியாது. அங்கன்வாடி மூடும் நேரத்தையும் பள்ளி விடும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி இருந்தால், வேலைக்குப் போகாத ஒரு பாட்டியோ கர்ப்பிணியோ கொட்டகையில் இருப்பார், அவரிடம் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் தம்பிக்கு இரண்டு வயது ஆக ஐந்து மாதம் இருந்தது. அதுவரை பக்கத்துக் கொட்டகைப் பாட்டி பார்த்துக்கொண்டார். அதற்குப் பேசி முடித்த மறுவாரம் அக்கா பள்ளிக்குப் போனாள்.

6. தலைமையாசிரியர் அறையில்

சட்டம் உங்கள் பக்கம்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை பொருந்தும். பிரிவு 4: பள்ளி செல்லாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பிரிவு 5: மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பிரிவு 14: வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது. பிரிவு 15: ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். ஆதார் இல்லை என்று திருப்பி அனுப்பினால், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒரு தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சட்டம் எனக்கும் தெரியும்ப்பா. டி.சி. இல்லாமல் வா, எமிஸில் நீயே ஏற்று" என்றார். எமிஸ் என்பது மாணவர் விவரங்களை ஏற்றும் பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவு. அன்று கோபத்தோடு வெளியே வந்தேன். அவருக்கு உண்மையில் என்ன பயம் என்று இரண்டு மாதம் கழித்துத்தான் புரிந்தது. சேர்த்த பிள்ளை இரண்டு மாதத்தில் சொல்லாமல் போய்விடும். பெயர் எமிஸில் தொங்கும், வருகை விகிதம் விழும், மேலிருந்து கேள்வி வரும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள். குடும்பம் ஊர் திரும்பும் மாதத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள், உங்கள் எண்ணைக் கொடுங்கள், "போகும் முன் நானே வந்து சொல்கிறேன், நீங்கள் பொதுத் தொகுப்புக்கு விடுவித்துவிடலாம்" என்று உறுதி சொல்லுங்கள். பொதுத் தொகுப்பு என்பது ஒரு பள்ளி விடுவித்த பிள்ளையை அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ள எமிஸில் உள்ள பட்டியல். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறும். பிள்ளை ஏற்கெனவே தமிழ்நாட்டில் வேறு பள்ளியில் படித்திருந்தால், அந்தப் பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பழைய பள்ளிக்கு அன்றே தொலைபேசுங்கள்.

அதோடு, கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள ஆசிரியர் பயிற்றுநரை உடன் அழைத்துப் போங்கள். பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. நீங்கள் எழுதிய நோட்டு அவருக்குப் பொக்கிஷம். என் இரண்டாவது முயற்சியில் அவர் வந்தார். தேநீர் ஆறும் முன் சேர்க்கை முடிந்தது.

விண்ணப்பம் இப்படி இருந்தால் போதும்: "என் மகள் ______, வயது ______, தற்போது எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவுகள் 4, 5, 14, 15இன்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வயதுச் சான்று இல்லாததால் அவள் பிறந்த ஆண்டு ______ என உறுதி கூறுகிறேன்." பெற்றோர்தான் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும், நீங்கள் வைக்கக் கூடாது. இரண்டு நகல் எடுத்து ஒன்றில் பெற்றதற்கான முத்திரை வாங்குங்கள். அப்பா ஒரு நாள் கூலியை இழந்துதான் வருவார். அதனால் தலைமையாசிரியர் இருப்பாரா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். எங்கும் நகரவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழையுங்கள்.

தமிழ் வழியா ஆங்கில வழியா என்று அங்கேயே கேட்பார்கள். பெற்றோர் ஆங்கிலம் என்பார்கள். முடிவு அவர்களுடையது. ஆனால் பக்கத்துக் கொட்டகைப் பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறதோ அதில் சேர்த்தால் வழித்துணை கிடைக்கும் என்பதைச் சொல்லிவையுங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் உண்டு, அதனால் பெற்றோர் வேலைக்குக் கிளம்பும்போதே பிள்ளையும் கிளம்பலாம். ராஜீவ் காந்தி சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் மட்டும் ஒரு பெரியவர் கட்டாயம் வேண்டும்.

7. சேர்ந்த பிறகு உங்கள் வேலை: மொழி

இப்போது பாடம் நடத்துங்கள், வாரம் மூன்று மாலை, ஒரு மணி நேரம். அதற்கு முன் அவர்கள் மொழியில் இருபது சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். "தும நாம கண?" என்று ஒடியாவில் பெயர் கேட்டபோது, அதுவரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து சிரித்தான். என் உச்சரிப்புக்குத்தான் சிரித்தான், பரவாயில்லை. ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச என்று எண்ணத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கு தெரியும். ஒன்று, இரண்டு என்ற சொற்கள்தான் தெரியாது. அவனை மந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கே தடுக்கும் என்று முன்பே தெரிந்தால் நல்லது. ஒடியாவில் 'ள', 'ண' உண்டு, அந்தப் பிள்ளைகள் 'பள்ளி' என்று அழகாகச் சொல்வார்கள். இந்தி பேசும் பிள்ளை 'பல்லி' என்னும். இரு மொழியிலும் எ, ஏ என்று குறிலும் நெடிலும் தனித்தனி எழுத்தாக இல்லை, அதனால் பெட்டியும் பேட்டியும் ஒன்றாகவே காதில் விழும். க என்ற ஒரே எழுத்தைக் 'கடல்' என்பதில் ஒரு மாதிரியும் 'தங்கம்' என்பதில் வேறு மாதிரியும் ஏன் படிக்கிறோம் என்று ஒரு சிறுவன் கேட்டான். அவன் மொழியில் அதற்கு நான்கு எழுத்து. என்னிடம் பதில் இல்லை, "கேட்டுக் கேட்டு வரும்" என்றேன். 'ழ' பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை, நம் ஊர்ப் பிள்ளைகளையே கேளுங்கள்.

ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை ஒடியா, இந்தி, வங்காளம், தெலுங்கு, தமிழ் என்று பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு மொழிப் பக்கங்களையும் அச்சடித்து அருகருகே ஒட்டிவிடுங்கள்.

8. பணக்கணக்கு

முதல் மாதம் பதினொரு பிள்ளைகளுக்கு ஆனது: சிலேட்டு 440, பல்பம் 60, நான்கு கோட்டு நோட்டு 550, ஜெராக்ஸும் புகைப்படமும் 620, பாய் இரண்டு 500, பிளாஸ்டிக் கோப்பு 220. மொத்தம் 2,390 ரூபாய். பகிர்ந்துகொண்டோம். பேருந்துச் செலவு தனி. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்கள் வாரம் நான்கு நாளுக்கு மேல் போவதாக இருந்தால் மாநகரப் பேருந்தின் மாதச் சீட்டு கட்டுப்படியாகிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சீருடை, புத்தகம், பை வாங்காதீர்கள். அரசுப் பள்ளியில் சேர்ந்ததும் இலவசமாகக் கிடைக்கும். நான் பதினொரு பை வாங்கி அசட்டுத்தனம் செய்தேன். ஆதார் புதிதாக எடுக்கக் கட்டணமே இல்லை, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். பெற்றோருக்குக் கையில் பணமும் கொடுக்காதீர்கள். ஒரு வீட்டுக்குக் கொடுத்தால் மறுநாள் கொட்டகை வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு.

9. மீறக் கூடாதவை

எப்போதும் இரண்டு பேர், எப்போதும் திறந்த இடம். பிள்ளையைத் தனியாக எங்கும் கூட்டிப் போகாதீர்கள், ஐஸ்கிரீம் வாங்கித் தரக்கூட. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கல்லூரி அறிக்கைக்குப் படம் கேட்டால் நோட்டையும் சிலேட்டையும் எடுத்துக் கொடுங்கள்.

ஒரு பிள்ளை பாலியல் தொல்லை பற்றிச் சொன்னால், அல்லது உங்களுக்கு அப்படித் தோன்றினால், போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. மறைத்தால் அதுவே குற்றம். நீங்களே விசாரிக்க வேண்டாம், மேஸ்திரியிடம் சொல்லிச் சமாதானம் பேச வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள், திட்ட அலுவலருக்கும் உடனே சொல்லுங்கள்.

10. ஊர் திரும்பும் நாளுக்கு

ஒரு குடும்பம் கிளம்புவது பெரும்பாலும் முந்தின நாள்தான் தெரியும். ஆகவே கோப்பைச் சேர்ந்த வாரமே தயார் செய்துவிடுங்கள். பிறப்புச் சான்றோ பெற்றோர் உறுதிமொழியோ ஒரு நகல், ஆதார் நகல், சேர்க்கை விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகல், எமிஸ் எண், நாடு முழுக்கச் செல்லும் நிரந்தரக் கல்வி எண், பள்ளியின் தொலைபேசி எண். மாற்றுச் சான்றிதழ் கிடைத்தால் அதுவும். ஒடிசாவில் போய்ச் சேரும் பள்ளிக்கு அந்த நிரந்தரக் கல்வி எண்தான் மிகவும் உதவும்.

உங்கள் எண்ணைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். அது சட்டைப் பையில் இருந்து சட்டையோடு துவைபட்டுவிடும். எங்களுக்கு அப்படி மூன்று குடும்பங்கள் தொலைந்தன. கோப்பின் உள்பக்க அட்டையில் அழியாத மையால் பெரிதாக எழுதுங்கள், பக்கத்தில் உங்கள் பெயரை அவர்கள் எழுத்தில் அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். போன ஜூனில் பலாங்கீரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மறுமுனையில் அந்த ஒன்பது வயதுச் சிறுமி. நிரந்தரக் கல்வி எண்ணில் எட்டாவது இலக்கம் ஒன்றா ஏழா என்று தமிழில் கேட்டாள். ஏழு.